இறக்குமதிச் சரக்கால் ஆலை மூடினால்: தொழிலாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவில்பட்டி, சாத்தூர் பக்கம் சீன லைட்டர் வந்து தீப்பெட்டித் தொழிலை அடித்தது. உற்பத்தியாளர்கள் பல காலம் கேட்ட பிறகு, 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதிக்கு 2023 ஜூனில்தான் மத்திய அரசு தடை போட்டது. திருப்பூரில், வரி இல்லாமல் வரும் வங்கதேச ஆயத்த ஆடை பற்றிய கவலை இன்றும் தீரவில்லை.

இப்படி வேலை போனவர்கள் செய்யும் முதல் தவறு, 'இதற்கென்று அரசு ஏதாவது நிவாரணம் அறிவிக்கும்' என்று காத்திருப்பது. அமெரிக்காவில் இறக்குமதியால் வேலை இழந்தவர்களுக்கென்றே 1962-இல் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். அங்கேயே 2022 ஜூலையிலிருந்து புது மனுக்களைப் பரிசீலிப்பது நின்றுவிட்டது. இந்தியாவில் அப்படித் தனித் திட்டம் கிடையாது. நம்மிடம் இருப்பது தொழிலாளர் சட்டம், பணிக்கொடை (கிராஜுவிட்டி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு), பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) மட்டும்தான். இவற்றைக் கேட்டு வாங்கினால்தான் உண்டு.

எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு ராஜினாமா கடிதத்தில் கையெழுத்துப் போடுவது. ஆபீசுக்குக் கூப்பிட்டு, 'ஆர்டர் இல்லை, உங்களுக்கே தெரியும், இதில் ஒரு கையெழுத்துப் போடுங்கள், கணக்கை முடித்து இன்றைக்கே பணம் தருகிறோம்' என்பார்கள். தட்டச்சு செய்த தாளில் 'என் சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்' என்று இருக்கும். கையெழுத்துப் போட்ட நிமிடமே அது ஆட்குறைப்பு இல்லை, நீங்களாகப் போனதாகிவிடுகிறது, இழப்பீடு கேட்கும் பிடி போய்விடுகிறது. பணம் அவசரம் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் ராஜினாமா என்ற சொல் இருக்கும் தாளில் கையெழுத்து வேண்டாம். ரசீதில் 'ஆட்சேபத்துடன் பெற்றுக்கொண்டேன்' என்று உங்கள் கையால் எழுதி, போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, முதலாளியே நஷ்டத்தில் இருக்கிறார், அவரிடம் என்ன கேட்பது என்று விட்டுவிடுவது. அந்த மனசு புரிகிறது, பல இடங்களில் முதலாளியும் நம்மோடு நின்று வேலை பார்த்தவர்தான். ஆனால் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவருக்கு (240 நாள் வேலை பார்த்திருந்தால் ஓராண்டுதான்) ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடு. 'தவிர்க்க முடியாத காரணத்தால்' மூடினால் மட்டும் மொத்த இழப்பீட்டை மூன்று மாதச் சம்பளத்துக்குள் சுருக்கலாம். ஆனால் பண நெருக்கடி, நஷ்டம், விற்காமல் தேங்கிய சரக்கு ஆகியவை மட்டுமே காரணம் என்றால் அது தவிர்க்க முடியாத காரணம் ஆகாது என்று அதே சட்டம் சொல்கிறது. இறக்குமதிப் போட்டியில் மூடும் ஆலைகள் சொல்லும் காரணங்கள் பெரும்பாலும் இவைதானே?

பணிக்கொடை இதிலிருந்து தனி. இரண்டையும் ஒரே தொகையாகச் சொல்லி 'எல்லாம் சேர்த்து இவ்வளவு' என்று கொடுத்தால் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 12,000 ரூபாய், பத்து வருட சர்வீஸ் என்றால், 12,000-ஐ 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கி, அதைப் பத்தால் பெருக்க, பணிக்கொடையாக மட்டும் தனியே சுமார் 69,230 ரூபாய் வரும்.

இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தவர்கள், வேலை போனதும் கார்டை ஓரமாகப் போட்டுவிடுகிறார்கள். 2018 முதல் அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்று ஒன்று இருக்கிறது. தகுதி இருந்தால் சராசரி தினச் சம்பளத்தில் பாதி, அதிகபட்சம் 90 நாளுக்கு, வாழ்நாளில் ஒரு முறை கிடைக்கும். அவ்வப்போது காலம் நீட்டித்து நடத்தும் திட்டம் என்பதால், கிளை அலுவலகத்தில் இப்போது நடப்பில் இருக்கிறதா என்று முதலில் கேட்டுவிடுங்கள். ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவருக்கும் விருப்ப ஓய்வில் போனவருக்கும் இது கிடையாது. அதனால் கம்பெனி இ.எஸ்.ஐ. போர்ட்டலில் உங்கள் பெயருக்கு நேரே என்ன காரணம் போட்டிருக்கிறது என்று கேளுங்கள். 'ஆட்குறைப்பு' என்று தனியாக ஒரு காரணம் அங்கே இருக்கும்போதே, 'பணியிலிருந்து விலகினார்' என்பதைத் தட்டிவிட்டுப் போகிறார்கள்.

காண்ட்ராக்டரிடம் இருந்தவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். சம்பளத்தில் பிடித்த பணம் நிஜமாகக் கட்டப்பட்டதா? அரசின் உமங் செயலியில் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்தால் மாதவாரியாகத் தெரிந்துவிடும். காண்ட்ராக்டர் கட்டாத இ.எஸ்.ஐ. தொகைக்கு வேலை வாங்கிய ஆலையும் பொறுப்பு.

அப்புறம் பி.எஃப். கைச்செலவுக்கு எடுக்கலாம், ஆனால் பென்ஷன் பங்கைத் தொடாதீர்கள். மொத்தம் பத்து வருட சர்வீஸ் சேர்ந்தால்தான் மாத ஓய்வூதியம். எட்டு வருடத்தில் அதையும் எடுத்துவிட்டால் அந்த எட்டும் கணக்கிலிருந்து போய்விடும். அதற்குப் பதில், அதுவரை பார்த்த பென்ஷன் சர்வீஸைக் காட்டும் ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கி வைத்தால், அடுத்த வேலையில் மீதி இரண்டு வருடத்தைச் சேர்த்துக்கொள்ளலாம்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தரும் உதவித்தொகையை நம்பி இப்போது போய்ப் பதிவு செய்வதில் பயனில்லை, அதற்குப் பதிவு செய்து ஐந்து வருடம் ஆகியிருக்க வேண்டும்.

வேலையிலிருந்து நிறுத்தியதை எதிர்த்து வழக்குப் போட முன்பு மூன்று வருடம் இருந்தது, புதிய தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு அதை இரண்டாகக் குறைத்திருக்கிறது. 'ஆலை திரும்பத் திறக்கும், கூப்பிடுவோம்' என்ற வாய்வார்த்தையை நம்பி அந்தக் காலத்தை விட்டுவிடாதீர்கள். கூப்பிடுவது உண்மை என்றால் தேதி போட்டு எழுதிக் கேளுங்கள், தரவில்லை என்றால் அந்த மாதமே தொழிலாளர் அலுவலரிடம் மனுக் கொடுத்து, முத்திரையோடு நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.