டிஜிட்டல் வர்த்தகத்துக்கென்று தனிச் சட்டம் இல்லை: இணையத்தில் விற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல் கடைசியில் திருப்பூரிலிருந்து ஒரு பெண் தன் இன்வாய்ஸ் கட்டோடு வந்தார். குழந்தைகள் உடைக்கான அச்சு டிசைன்களை வரைந்து, லண்டனில் உள்ள ஒரு சிறு நிறுவனத்துக்கு இமெயிலில் அனுப்புவது அவர் தொழில். மூன்று வருட வேலை, ஒரு பில்கூடத் தொலையவில்லை. ஆனால் வங்கி தந்த பண வரவுச் சான்றுகளில், பணம் எதற்காக வந்தது என்று காட்டும் பர்ப்பஸ் கோட் இருந்த இடத்தில் பி1301 என்று இருந்தது. வெளிநாட்டில் இருக்கும் உறவினர் குடும்பச் செலவுக்கு அனுப்பும் பணத்துக்கான கோட் அது. "சீக்கிரம் வரும், கட்டணமும் குறைவு" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, சேமிப்புக் கணக்குக்கு அந்த வழியில் அனுப்பச் சொல்லியிருக்கிறார். மூன்று வருட உழைப்பு, ஏற்றுமதி என்று காட்ட ஆதாரமில்லாமல் நின்றது.

அவர் என்னிடம் கேட்ட கேள்வியைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள்: "டிஜிட்டல் வர்த்தகச் சட்டத்தில் இதற்கு என்ன போட்டிருக்கிறது?" அப்படி ஒரு சட்டம் இந்தியாவில் இல்லை. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், ஜிஎஸ்டி, அந்நியச் செலாவணிக்கான ஃபெமா, சுங்கச் சட்டம், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று பல இடங்களில் அது சிதறிக் கிடக்கிறது. நாடுகளுக்கிடையே போட்ட ஒப்பந்தங்கள் அதற்கு மேல். நான் விற்பது பொருளா, சேவையா? பணம் எந்த வழியில் வருகிறது? யாருடைய தரவு என் கையில் இருக்கிறது? முதலில் இதைக் கேட்டுக்கொள்ளாததால்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன.

பணம் வந்தால் போதும் என்று நினைப்பது

திருப்பூர்ப் பெண்ணின் விஷயத்தையே பார்ப்போம். ஜிஎஸ்டியில் ஒரு வேலை "சேவை ஏற்றுமதி" ஆக வேண்டுமென்றால், வேலை செய்பவர் இந்தியாவில் இருக்க வேண்டும், பெறுபவர் வெளியே இருக்க வேண்டும், சேவை வழங்கப்படும் இடம் என்று சட்டம் கருதும் இடமும் வெளியே இருக்க வேண்டும். பணம் அந்நியச் செலாவணியில், அல்லது ரிசர்வ் வங்கி அனுமதித்த வகையில் ரூபாயாக வர வேண்டும். இரண்டு தரப்பும் ஒரே நிறுவனத்தின் இரு கிளைகளாக இருக்கக் கூடாது. இந்த ஐந்தில் பணம் வந்ததைக் காட்டுவது வங்கிச் சான்றுதான். ஒவ்வொரு வகைச் சேவைக்கும் தனி பர்ப்பஸ் கோட் உண்டு. மென்பொருள் ஆலோசனை என்றால் பி0802. வங்கி கேட்கும்போது "ஏதோ ஒன்று போடுங்கள்" என்று சொல்லிவிடாதீர்கள்.

அப்புறம் பிடித்தம். 500 டாலருக்கு இன்வாய்ஸ் போடுகிறோம், இடையில் இருக்கும் பேமென்ட் சேவை தன் கட்டணத்தை எடுத்துக்கொண்டு மீதியை அனுப்புகிறது. பலர் வந்த தொகைக்கு ஏற்ப இன்வாய்ஸையே திருத்திவிடுகிறார்கள். அது தப்பு. இன்வாய்ஸ் 500தான், கட்டணம் உங்கள் செலவுக் கணக்கில் தனியாக வர வேண்டும். இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை விளக்கும் தாளைப் பத்திரமாக வையுங்கள்.

ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் ஏற்றுமதிக்கு வரி கட்டாமல் பில் போட எல்.யு.டி. என்ற உறுதிமொழியை ஆர்எஃப்டி-11 படிவத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அது ஒரு நிதியாண்டுக்கு மட்டும்தான் செல்லும். மார்ச் 31 நள்ளிரவோடு போன வருடத்து எல்.யு.டி. முடிந்துவிடும். ஏப்ரல் முதல் வாரத்தில் பழைய எண்ணையே போட்டு அனுப்பிய இன்வாய்ஸ்களை நான் ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் 18 சதவீதம் சேர்த்துக் கேட்பவர்களும் இருக்கிறார்கள்; அவர்களுக்கு அந்த ஆர்டர் அடுத்த முறை வருவதில்லை. ஆண்டு வரவு 20 லட்ச ரூபாய்க்குள் இருந்து சேவை மட்டும் தருபவர், வெளிநாட்டுக்கு அனுப்புகிறார் என்ற ஒரே காரணத்துக்காகப் பதிவு செய்ய வேண்டியதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பயந்துபோய்ப் பதிவு எடுத்து, ரிட்டர்ன் போடாமல் தாமதக் கட்டணம் கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

பணம் எத்தனை நாளில் வர வேண்டும் என்பதற்கும் கெடு உண்டு. ஏற்றுமதிப் பணம் ஒன்பது மாதத்துக்குள் வந்தாக வேண்டும் என்று இருந்ததை, 2025 நவம்பரில் ரிசர்வ் வங்கி பதினைந்து மாதமாக நீட்டியது.

இணையத்தில் விற்றால் சுங்க வரி கிடையாது என்று நம்புவது

இந்த நம்பிக்கைக்கு ஒரு வேர் இருக்கிறது. 1998 மே மாதம் ஜெனீவாவில் உலக வர்த்தக அமைப்பின் உறுப்பு நாடுகள், மின்னணுப் பரிமாற்றங்கள் மீது சுங்க வரி விதிப்பதில்லை என்ற நடைமுறையைத் தொடர ஒப்புக்கொண்டன. "மின்னணுப் பரிமாற்றம்" என்றால் கம்பி வழியே போவது: மென்பொருள், மின்னூல், பாட்டு, டிசைன் ஃபைல். இணையத்தில் ஆர்டர் வாங்கிப் பெட்டியில் கட்டி அனுப்பும் சேலை அதில் வராது. ஆர்டர் எப்படி வந்தது என்பது சுங்க அதிகாரிக்கு முக்கியமில்லை. பெட்டிக்குள் இருப்பது துணி, அவ்வளவுதான்.

இந்த வித்தியாசம் 2025இல் பலருக்கு வலியோடு புரிந்தது. 800 டாலர் வரையிலான பார்சல்களுக்கு அமெரிக்கா கொடுத்து வந்த வரி விலக்கு ஆகஸ்ட் 29ஆம் தேதியோடு எல்லா நாடுகளுக்கும் முடிந்தது. இந்திய அஞ்சல் துறை அமெரிக்காவுக்கான பார்சல்களைச் சில வாரங்கள் நிறுத்தி வைத்து, அக்டோபர் நடுவில்தான் மறுபடி எடுத்துக்கொண்டது. தீபாவளி ஆர்டர்களை நம்பித் துணி வாங்கி அடுக்கியவர்கள் அந்த வாரங்களில் பட்ட பாட்டை நேரில் பார்த்தேன். அதே காலத்தில் அமெரிக்காவுக்கு டிசைன் ஃபைல் அனுப்பியவருக்கு இந்த அறிவிப்பால் எதுவும் மாறவில்லை.

கம்பி வழியே போவதற்கும் அந்தச் சலுகை நிரந்தரமில்லை. மாநாட்டுக்கு மாநாடு நீட்டித்துத்தான் வந்திருக்கிறார்கள். 2024இல் அபுதாபியில் நீட்டித்தபோது, அடுத்த அமைச்சர்கள் மாநாடு அல்லது 2026 மார்ச் 31, இரண்டில் எது முந்தியோ அதுவரை என்று எழுதினார்கள். வரி வருமானம் போகிறது, சொந்தத் தொழிலை வளர்க்கும் வழி அடைபடுகிறது என்று இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் இதை எதிர்த்துப் பல ஆண்டுகளாகப் பேசி வந்தன. "டிஜிட்டலுக்கு எப்போதும் வரி இல்லை" என்று சொல்பவர் அந்தத் தேதியைப் படிக்கவில்லை என்று அர்த்தம்.

இன்னொன்று: சுங்க வரி வேறு, உள்நாட்டு வரி வேறு. சுங்க வரி இல்லை என்பதால் வாட் (வெளிநாடுகளில் உள்ள மதிப்புக் கூட்டு வரி) இல்லை, ஜிஎஸ்டி இல்லை என்று ஆகிவிடாது. வெளிநாட்டு நிறுவனம் இங்கே உள்ள ஒருவருக்கு ஸ்ட்ரீமிங் சந்தா விற்றாலும் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. அதுபோலவே நீங்கள் ஐரோப்பாவில் ஒரு வாசகருக்கு மின்னூல் விற்றால் அந்த நாட்டு வாட் குறுக்கே வரும்.

பழைய கட்டுரையை நம்பிப் பிடித்தம் செய்வது

வெளிநாட்டு டிஜிட்டல் நிறுவனங்கள் இந்தியாவிலிருந்து பெறும் பணத்தின் மீது இருந்த ஈக்வலைசேஷன் லெவி என்ற வரியைப் பற்றித் தேடினால் இன்றும் பழைய விளக்கங்கள்தான் முதலில் வருகின்றன. இணைய விளம்பரத்துக்கான 6 சதவீதம் 2016 ஜூனில் வந்தது, 2025 ஏப்ரல் 1 முதல் இல்லை. வெளிநாட்டு இ-காமர்ஸ் நிறுவனங்களுக்கான 2 சதவீதம் 2020இல் வந்து 2024 ஆகஸ்ட் 1 அன்று போனது. படிக்கும் கட்டுரையின் தேதியைப் பாருங்கள். தேதியே போடாத கட்டுரையை வைத்து யாருடைய பணத்திலும் கை வைக்காதீர்கள்.

கையெழுத்தானதும் ஒப்பந்தம் அமலாகிவிட்டது என்று எண்ணுவது

ஐக்கிய அரபு அமீரகத்துடனான இந்தியாவின் வர்த்தக ஒப்பந்தம் 2022 பிப்ரவரி 18 அன்று கையெழுத்தானது, மே 1இல் அமலுக்கு வந்தது. சுவிட்சர்லாந்து, நார்வே உள்ளிட்ட நான்கு நாடுகளின் எஃப்டா கூட்டமைப்புடனான ஒப்பந்தத்துக்கு 2024 மார்ச் 10 முதல் 2025 அக்டோபர் 1 வரை ஆனது. பிரிட்டனுடன் 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தானபோதும், மறுநாளே சலுகை கிடைக்கும் என்று விலைப்பட்டியலை மாற்றியவர்கள் உண்டு.

அமலுக்கு வந்த பிறகும் ஒப்பந்த வாசகம் நேராக உங்கள் உரிமையாக மாறிவிடாது. இந்தியாவில் அதற்கு ஒரு சட்டமோ அறிவிக்கையோ வர வேண்டும். சுங்கச் சலுகை என்றால் சுங்க அறிவிக்கை, அதோடு பொருள் இந்தியாவில் உருவானதுதான் என்பதற்கான சான்றிதழ். இந்த ஒப்பந்தங்களில் டிஜிட்டல் வர்த்தகம் பற்றிய அத்தியாயங்களில் வினைச்சொல்லைக் கவனிக்க வேண்டும். "செய்ய வேண்டும்" என்று ஓரிடத்தில் இருக்கும், "முயற்சி செய்யும்" என்று பல இடங்களில் இருக்கும். இரண்டாவதை வைத்துக்கொண்டு யாரிடமும் போய் வாதாட முடியாது.

நாம் உள்ளே இல்லாத ஒப்பந்தங்களை நம்முடையதாக எண்ணிக்கொள்வதும் நடக்கிறது. ஆசிய-பசிபிக் நாடுகளின் வர்த்தக ஒப்பந்தமான ஆர்செப் பேச்சிலிருந்து 2019 நவம்பரில் இந்தியா விலகியது. சிங்கப்பூர், நியூசிலாந்து, சிலி சேர்ந்து 2020இல் போட்ட டிஜிட்டல் பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தத்திலும் இந்தியா இல்லை. சிங்கப்பூரில் இருக்கும் நண்பர் சொல்லும் வழிமுறை அவருக்குச் சரி, உங்களுக்குப் பொருந்தாது.

"வாட்ஸ்அப்பில் பேசியது செல்லாது" என்பதும், "ஸ்கிரீன்ஷாட் போதும்" என்பதும்

இரண்டும் தப்பு. மின்னணு முறையில் உருவான ஒப்பந்தம் அந்தக் காரணத்துக்காகவே செல்லாமல் போகாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு சொல்கிறது. உயில், அறக்கட்டளைப் பத்திரம் போன்ற சில மட்டும் அந்தச் சட்டத்துக்கு வெளியே. ஆனால் பேசியதை நீதிமன்றத்தில் காட்ட, 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் தேவை. போனை மாற்றும்போது பழைய சாட்டை அழித்துவிட்டு, படத்தை மட்டும் வைத்திருந்தால் கஷ்டம்தான்.

தனியுரிமைக் கொள்கையை எங்கிருந்தோ நகல் எடுப்பது

தரவுச் சட்டத்தைப் பற்றி இரண்டு எதிரெதிர் பயங்கள் உலாவுகின்றன. இந்தியர்களின் தரவு நாட்டை விட்டு வெளியே போகவே கூடாது என்பது ஒன்று. ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் போட்ட அந்தக் கட்டுப்பாடு பணப் பரிவர்த்தனைத் தரவுக்கு மட்டும். 2023 சட்டமோ, அரசு தடுத்து அறிவிக்கும் நாடுகளைத் தவிர மற்றவற்றுக்கு அனுப்ப இடம் தருகிறது. சட்டம் வந்துவிட்டது, நாளைக்கே 250 கோடி ரூபாய் அபராதம் என்பது இன்னொரு பயம். விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, முக்கியக் கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். 250 கோடி என்பது உச்ச வரம்பு. அதுவரை ஒன்றும் செய்ய வேண்டாம் என்றும் அர்த்தமில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவும் அதன் 2011 விதிகளும் அந்த இடைவெளியில் நடப்பில் இருக்கின்றன.

கடை நடத்துபவர்களுக்கு 2020 இ-காமர்ஸ் விதிகள் இப்போதே பொருந்தும். குறைதீர் அலுவலரின் பெயரும் தொடர்பும் தளத்தில் இருக்க வேண்டும், புகார் கிடைத்ததை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சம்மதக் கட்டத்தில் நீங்களே டிக் போட்டு வைக்கக் கூடாது.

சின்னாளப்பட்டிச் சேலைகளை விற்கும் ஒரு சிறிய தளத்தைச் சரிபார்த்துக் கொடுக்கும்படி சமீபத்தில் கேட்டார்கள். வாங்குபவர்களில் பெரும்பாலோர் மதுரை, திண்டுக்கல் பக்கத்துப் பெண்கள். தளத்தின் அடியில் இருந்த தனியுரிமைக் கொள்கையைத் திறந்தால் பதினோரு பக்க ஆங்கிலம், நடுவில் கலிபோர்னியா மாநிலச் சட்டத்தின் பெயர். புதிய சட்டத்தின்படி அந்த அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழி ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பை வாங்குபவருக்குக் கொடுக்க வேண்டும். தமிழ் அந்த அட்டவணையில் இருக்கிறது. கடைக்காரரோடு உட்கார்ந்து எழுதினோம்: பெயர், முகவரி, போன் எண் வாங்குகிறோம்; கூரியர்காரருக்கு மட்டும் கொடுக்கிறோம்; வேண்டாம் என்றால் இந்த எண்ணில் சொல்லுங்கள், அழித்துவிடுகிறோம். முக்கால் பக்கத்தில் முடிந்தது.