வேலூர்ப் பக்கத்துக் கற்கால ஊர்களை இணையத்தில் தேடும்போது எங்கே சறுக்குகிறோம்?

பையம்பள்ளியைப் பற்றித் தேடிய நண்பர் ஒருவர், “வேலூர் மாவட்டம்னு போட்டா ஒண்ணுமே வரலை” என்றார். வராதுதான். 1964-65இலும் 1967-68இலும் இந்தியத் தொல்லியல் துறை அங்கே அகழாய்வு செய்து, புதிய கற்காலத்தையும் அதற்கு மேலே இரும்புக் காலத்தையும் கண்டபோது, அந்த ஊர் வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. அறிக்கையிலும் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது. 1989இல் அந்த மாவட்டத்திலிருந்து திருவண்ணாமலை பிரிந்தது. 2019இல் வேலூர் மூன்றாக உடைந்தது. பையம்பள்ளி இப்போது திருப்பத்தூர் மாவட்டம்.

இன்னும் பின்னால் போனால் குழப்பம் கூடும். 1911 வரை திருப்பத்தூர் வட்டம் சேலத்தோடு இருந்தது. சித்தூரும் பலமனேரும் நம் வட ஆற்காட்டோடு இருந்தன. ஆர்க்கைவ் (archive.org) தளத்தில் ராபர்ட் சீவெல் 1882இல் வெளியிட்ட சென்னை மாகாணத் தொல்பொருள் பட்டியல் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் திருப்பத்தூர்க்காரர் சேலம் பக்கங்களைத்தான் புரட்ட வேண்டும். அதனால் எந்த ஊரைத் தேடினாலும், முதலில் அந்தந்தக் காலத்து மாவட்டப் பெயரை ஒரு தாளில் எழுதிக்கொள்வது என் வழக்கம்.

சொற்களிலும் இதே கதைதான். பலகைக்கற்களை நிறுத்தி மேலே மூடுகல் வைத்த பழைய கல்லறையை ‘டால்மென்’ என்று மட்டும் தேடினால் பழைய நூல்களில் பாதி நழுவிவிடும். அவர்கள் கிராம்லெக், கிஸ்ட்வேன் என்றெல்லாம் எழுதினார்கள். தமிழில் தரைக்கு மேலே இருப்பது கல்திட்டை, மண்ணுக்குள் பதிந்தது கற்பதுக்கை. ஊர்க்காரர்களுக்கு எல்லாமே பாண்டவர் வீடு அல்லது பாண்டவர் குழி. நடுகல் வேறு சங்கதி. செங்கம் பக்கத்தில் வட்டெழுத்தோடு கிடைக்கும் வீரர் கற்கள் பல்லவர் காலத்தவை. எழுத்தே இல்லாமல் நிற்கும் பெருங்கற்கால நெடுங்கல்லை அவற்றோடு சேர்த்துப் படம் போட்டு, “மூவாயிரம் ஆண்டு நடுகல்” என்று பகிர்கிறார்கள். பார்த்தாலே எரிச்சல் வரும்.

ஊர்ப் பெயர்களும் காலை வாரும். பூண்டி அருகே திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கும் குடியம் குகைகளை நம் குடியாத்தம் என்று நினைத்துக் கிளம்பியவர்கள் உண்டு. மனித உருவில் செதுக்கிய பெரிய பலகைக்கல் கல்வட்டத்துக்குள் (பழைய கல்லறையைச் சுற்றி வட்டமாக வைத்த கற்கள்) நிற்கும் மோட்டூர், தண்டராம்பட்டுப் பக்கம் இருக்கிறது. ஆனால் இந்த வட்டாரத்தில் மோட்டூர் என்ற பெயரில் எத்தனை ஊர்! வரைபடத்தில் முதலில் வருவதைத் தொட்டுவிட்டு வண்டி எடுக்காதீர்கள்.

இப்போது நானே மாட்டிக்கொண்ட இடத்துக்கு வருகிறேன். வேலூர் ஏறத்தாழ 12 டிகிரி 55 நிமிடம் வடக்கு, 79 டிகிரி 8 நிமிடம் கிழக்கு. இதை அப்படியே 12.55, 79.08 என்று கைப்பேசியில் அடித்தால் போளூர்ப் பக்கம் கொண்டுபோய் விடும், நாற்பது கிலோமீட்டர் தெற்கே. நிமிடத்தை அறுபதால் வகுக்க வேண்டும், 12.917, 79.133 என்பதுதான் சரி. ஒரு கல்திட்டையைத் தேடி இதே தப்பைச் செய்து ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன்.

அப்புறம், பத்தொன்பதாம் நூற்றாண்டு வரைபடங்களில் இன்னொரு பொறி. சென்னை வானாய்வு நிலையத்தின் தீர்க்கரேகையை அன்று கூடுதலாகக் கணக்கிட்டிருந்தார்கள். அந்தக் கணக்கை நம்பி வரைந்த வரைபடங்களில் கிழக்கு எண் எல்லாமே சுமார் 2 நிமிடம் 27 விநாடி அதிகம். நம் பக்கத்தில் அது கிட்டத்தட்ட நாலரை கிலோமீட்டர். கழிக்காமல் குறித்தால், மலையடிவாரத்தில் இருக்க வேண்டிய புள்ளி ஏரிக்குள் விழும்.

செயற்கைக்கோள் படத்தில் வட்டமாகத் தெரிவதெல்லாம் கல்வட்டம் இல்லை. ஆட்டுப்பட்டி, வட்டக் கிணறு, களம் எல்லாமே மேலிருந்து அப்படித்தான் இருக்கும். அணைக்கட்டுப் பக்கம் நான் ஆசையாகக் குறித்துவைத்த ஒரு வட்டத்தின் நடுவில் நின்றபோது ஒரு பாட்டி, “இன்னா தேடுறே? கேவுரு அடிக்கிற களம்பா இது” என்றார். அதற்குப் பிறகு, கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுப் படங்களையும் நகர்த்திப் பார்க்கிறேன், முக்கியமாகச் சித்திரை, வைகாசியில் எடுத்தவற்றை. புதர் காய்ந்திருக்கும், கல் தெரியும். நேற்று முளைத்த வட்டம் எது என்பதும் தெரிந்துவிடும். ஒன்றன்மேல் ஒன்றாக இயற்கையாகவே உட்கார்ந்திருக்கும் பாறைகளைக் கல்திட்டை என்று எண்ணுவதும் இங்கே சகஜம். நம் குன்றுகள் அப்படி.

பெருங்கல் சின்னங்களை வரைபடத்தில் காட்டும் மெகாலிதிக் போர்ட்டல் மாதிரித் தளங்களில் பார்வையாளர்களே குறிகளைச் சேர்க்கிறார்கள். பிரிட்டனில் நெருக்கமாகத் தெரிவது நம் பக்கம் அரிதாக இருந்தால், இங்கே எதுவும் இல்லை என்று பொருளாகாது. யாரும் குறிக்கவில்லை, அவ்வளவுதான். அதன் கூடவே தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தகவலாற்றுப்படைத் தளத்தையும் பாருங்கள். வயதையும் பிரிட்டனிலிருந்து இங்கே கொண்டுவரக் கூடாது. அங்கே ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்தின் பெரிய கற்களை நாட்டிச் சுமார் 4500 ஆண்டுகள். நம் ஊர்ப் பெருங்கல் சின்னங்கள் பெரும்பாலும் இரும்பு புழங்கியவர்களின் கல்லறைகள், அவற்றில் பெரும்பகுதி கி.மு. முதல் ஆயிரத்தாண்டைச் சேர்ந்தவை. பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்புக்கு கி.மு. 2172 என்ற காலக்கணிப்பு 2022இல் அறிவிக்கப்பட்டது. அதை எடுத்து நம் ஊர்க் கல் ஒவ்வொன்றுக்கும் ஒட்டுவதும் தவறுதான்.

கடைசியாக, கண்டுபிடித்த இடத்தின் துல்லிய எண்களை முகநூலில் போடுவது. பாண்டவர் குழியில் புதையல் இருக்கிறது என்று இன்னும் நம்புகிறார்கள். மூடுகல்லைப் புரட்டித் தோண்டிவிட்டுப் போகிறார்கள். ஜவ்வாது மலையில் பல இடங்கள் காப்புக்காட்டுக்குள் வேறு இருக்கின்றன. போவதற்கே வனத்துறை அனுமதி வேண்டும். நான் பொதுவெளியில் வட்டத்தின் (தாலுகாவின்) பெயரோடு நிறுத்திக்கொள்கிறேன். எண்களும் படங்களும் தொல்லியல் துறைக்குத் தனியாகப் போகும்.