குதிரைப் போட்டியில் படம் எடுக்கப் போகிறீர்களா? முதலில் காலைப் பாருங்கள்

நான் திருகோணமலையில் கலியாண வீட்டுப் படம் எடுப்பவன். தாலி கட்டும் நொடியைத் தவறவிட்டதே இல்லை. அந்தத் திமிரோடுதான் மலைநாட்டில் ஒரு தடைதாண்டும் போட்டிக்குக் கமராவைத் தூக்கிக்கொண்டு போனேன். 600 படத்துக்கு மேல் அடித்துத் தள்ளினேன். பின்னேரம் போட்டியில் ஓடிய பிள்ளை ஒன்றுக்குக் காட்டினால், "அண்ணா, என்ர முகம் வடிவா இருக்கு. ஆனா குதிரை நொண்டுற மாதிரி எல்லோ இருக்கு" என்றாள். அவள் எடுத்துக்கொண்டது இரண்டே இரண்டு.

குதிரைக்காரர்கள் படத்தில் முதலில் பார்ப்பது கால். அடுத்தது காது. ஆளின் முகம் அதற்குப் பிறகுதான்.

வேட்டைத் திருவிழாவில் வரும் குதிரை வாகனத்தைப் பார்த்துப் பார்த்து, முன்னங்கால் இரண்டும் அந்தரத்தில் நிற்பதுதான் குதிரை என்று எங்களுக்குப் பதிந்துவிட்டது. வெள்ளைக்கார ஓவியர்களும் பாயும் குதிரையை முன்னும் பின்னும் கால் நீட்டித்தான் வரைந்தார்கள். 1878இல் கலிபோர்னியாவில் மைபிரிட்ஜ் கமராக்களை வரிசையாக வைத்துப் படம் எடுத்த பிறகுதான், நான்கு குளம்பும் நிலத்தை விட்ட நொடியில் கால்கள் வயிற்றுக்கடியில் மடங்கியிருப்பது உறுதியானது. கண்ணுக்குப் பிடிபடாத வேகம் அது. ஆகவே குளம்படித் தாளத்தை எண்ணப் பழகுங்கள்.

ட்ரொட் என்கிற மெல்லோட்டம் இரண்டு தாளம். ஒரு முன்னங்காலும் எதிர்ப்பக்கப் பின்னங்காலும் சோடியாக நகரும். ஓட்டுபவர் சேணத்தில் எழும்பி எழும்பி இருப்பார். வட்டமாக ஓடும்போது வேலிப்பக்கத்து முன்னங்கால் முன்னே நீளும் நேரத்தில்தான் முறையாக ஓட்டுபவர் எழும்புவார். நீங்கள் வேலிக்கு வெளியே நிற்பதால் அந்தக் கால்தான் உங்களுக்குக் கிட்ட இருக்கும். அவர் உச்சிக்கு வரச் சற்று முன் விரலை அமர்த்துங்கள், படத்தில் கால் நீண்டு விழும். அதைவிட வேகமான கன்டர் ஓட்டம் மூன்று தாளம். கடைசித் தாளத்தில் ஒற்றை முன்னங்கால் மட்டும் நிலத்தில் ஊன்றியிருக்க, குதிரை மூக்குக்குப்புற விழப்போவதுபோல் இருக்கும். என் 600இல் பாதி அதுதான்.

தடைக்கு வருவோம். ஓட்டுபவர்கள் போட்டிக்கு முன் மைதானத்தில் நடந்து தடைகளை அளந்து பார்ப்பார்கள். அப்போது நீங்களும் வேலியோரமாக நடந்து பாருங்கள். ஒவ்வொரு தடையிலும் சிவப்புக் கொடி ஓட்டுபவரின் வலக்கைப் பக்கம், வெள்ளை இடக்கைப் பக்கம். இதை வைத்தே எந்தத் திசையில் தாண்டும் என்று தெரிந்துவிடும். எனக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. முதல் நாள் மூன்று தடைக்குப் பின்பக்கமாக நின்று வால்களைத்தான் எடுத்தேன்.

இறங்கும் பக்கத்தில், சற்றுச் சரிவாக நில்லுங்கள். 70-200 லென்ஸ் போதும். மேல் கம்பிலேயே போகஸை வைத்துவிட்டு, முழங்காலில் இருங்கள். நின்றுகொண்டு எடுத்தால் குதிரைக்குக் கால் குட்டையாகிவிடும். தாழ இருந்தால் தலைக்கவச விளிம்பு நிழலுக்குள் ஒளிந்த முகமும் கொஞ்சம் தெரியும். ஷட்டர் 1/1000க்குக் குறையக் கூடாது. வெள்ளைக் காற்சட்டை வெளிறாமல் வெளிச்சத்தைப் பாருங்கள், கறுப்புக் குதிரையைப் பிறகு கணினியில் தூக்கிக்கொள்ளலாம்.

நல்ல நொடி உச்சிக்குச் சற்று முன். முன்முழங்கால் மடங்கி மேலே வந்திருக்கும், காது இரண்டும் முன்னுக்கு நிற்கும். உச்சி தாண்டினால் கால் தொங்கிவிடும். தொடர்ந்து அடித்தால் ஒன்றாவது அகப்படும் என்று நினைக்காதீர்கள். நிமிடத்துக்கு 350 மீற்றர் வேகத்தில் வரும் குதிரை, நொடிக்கு 10 படம் அடிக்கும் கமராவில்கூட இரண்டு படத்துக்கு இடையில் அரை மீற்றருக்கு மேல் போய்விடும். உங்களுக்கு வேண்டியது அந்த அரை மீற்றருக்குள்தான் இருக்கும்.

ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். குதிரைக்கு நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் தவிர மற்ற எல்லாப் பக்கமும் தெரியும். தூறலில் நான் சடாரென்று குடையை விரித்தேன், வந்துகொண்டிருந்த குதிரை பக்கவாட்டில் துள்ளியது. ஓட்டுபவர் விழவில்லை, புண்ணியம். என்னை வேலியிலிருந்து எழுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து மழைக்கோட்டுத்தான்.

ஊரில் குதிரை இல்லையே, எங்கே பழகுவது? பிரெட்ரிக் கோட்டைக்குள் மான்கள் இருக்கின்றனவே! கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் படுத்திருக்கும். ஓடச் சோம்பல் படும், ஆனால் காதைத் திருப்பும் நொடியைப் பிடிக்க அவற்றைவிட நல்ல வாத்தியார் இல்லை. ஓடுவதோடு சேர்த்துக் கமராவை நகர்த்தி எடுத்துப் பழகக் கடற்கரை வீதியில் போகும் சைக்கிள்காரர்கள் இருக்கிறார்கள், ஷட்டர் 1/60இல் தொடங்குங்கள். சித்திரையில் நுவரெலியா குதிரைப் பந்தயத்துக்குப் போகும்போது கை பழகியிருக்கும்.

அங்கே குளிரில் கிடந்த கமராவைத் திருமலையில் பஸ்ஸால் இறங்கியதும் வெளியே எடுக்காதீர்கள், லென்ஸில் ஈரம் படியும். பையைப் பூட்டியபடியே வீட்டில் வைத்துவிட்டு, தேத்தண்ணி குடித்து, குளித்து, சாப்பிட்டு முடித்த பிறகு திறவுங்கள்.