பள்ளி, உணவுச் சொற்களோடு ஆங்கில அடிப்படை இலக்கணத்தைத் திருப்பிப் பார்ப்பது எப்படி

சொற்களை ஒரு நோட்டிலும் இலக்கணத்தை இன்னொரு நோட்டிலும் படித்தால் இரண்டும் ஒட்டாது. மில்க் என்றால் பால் என்று தெரிந்தவரும் 'எ மில்க்' என்று எழுதிவிடுவார். ஒவ்வொரு சொல்லையும் அதன் இலக்கணத்தோடு சேர்த்தே திருப்ப வேண்டும்.

முதலில் புத்தகத்தை மூடிவிட்டு, பள்ளிச் சொற்கள் 10, உணவுச் சொற்கள் 10 நினைவிலிருந்து எழுதுங்கள். பார்த்து எழுதினால் எது மறந்திருக்கிறது என்றே தெரியாது. பிறகு தாளின் நடுவே கோடு போட்டு, எண்ணக்கூடியவற்றை இடப்பக்கமும் எண்ண முடியாதவற்றை வலப்பக்கமும் பிரியுங்கள். பென்சில், டெஸ்க், எக், ஆப்பிள் எல்லாம் இடம். மில்க், ரைஸ், வாட்டர் வலம். சறுக்குவது மூன்று சொற்களில்: பிரெட், சாக், ஹோம்வொர்க். தமிழில் 'ரெண்டு பிரெட்' என்று சொல்லிப் பழகியதால் இவற்றை இடப்பக்கம் எழுதத் தோன்றும். மூன்றுமே வலப்பக்கம்தான். 'ஹோம்வொர்க்ஸ்' என்று ஒரு சொல் கிடையாது. எண்ணிக்கை வேண்டுமென்றால் அளவுச் சொல்லைச் சேர்க்க வேண்டும்: 'டூ ஸ்லைசஸ் ஆஃப் பிரெட்', 'எ பீஸ் ஆஃப் சாக்', 'எ கிளாஸ் ஆஃப் வாட்டர்'. ('டூ காஃபீஸ்' என்று கேட்பது சரிதான். அங்கே எண்ணுவது கோப்பையை.)

இந்தக் கோட்டை நன்றாகப் போட்டுவிட்டால் பாதி இலக்கணம் முடிந்தது. இடப்பக்கச் சொல்லுக்கு 'ஹவ் மெனி', வலப்பக்கச் சொல்லுக்கு 'ஹவ் மச்'. 'எ', 'ஆன்' இரண்டும் இடப்பக்கத்துக்கு மட்டும், அதுவும் ஒருமைக்கு மட்டும். 'சம்' வலப்பக்கத்துக்கும் வரும், பன்மைக்கும் வரும். கேள்வியிலும் மறுப்பிலும் அது பெரும்பாலும் 'எனி' ஆகிவிடும். ஆனால் ஒருவருக்கு ஒன்றைக் கொடுக்க முன்வரும்போது கேள்வியானாலும் 'சம்' தான்: 'வுட் யூ லைக் சம் டீ?'

'எ'யா 'ஆன்'ஆ என்று குழப்பம் வந்தால் அந்தச் சொல்லைக் காதில் விழுகிறபடியே தமிழில் எழுதிப் பாருங்கள். உயிரெழுத்தில் தொடங்கினால் 'ஆன்': ஆன் எக், ஆன் ஆனியன், ஆன் அவர். மற்றபடி 'எ'. யூனிஃபார்மின் முதல் எழுத்து ஆங்கிலத்தில் உயிரெழுத்து, ஒலியோ 'யூ'. அதனால்தான் 'எ யூனிஃபார்ம்'.

வினைச்சொல்லில் கவனிக்க வேண்டியது ஒரே ஒரு 'ஸ்'. 'ஷீ ஈட்ஸ் லஞ்ச் அட் ஸ்கூல்' என்பதைக் கேள்வியாக்கினால் அந்த 'ஸ்' டஸ்ஸுக்குப் போய்விடுகிறது: 'டஸ் ஷீ ஈட் லஞ்ச் அட் ஸ்கூல்?' 'டஸ் ஷீ ஈட்ஸ்' என்றால் இரண்டு இடத்தில் போட்டதாகிவிடும். 'டஸன்ட் ஈட்' என்பதற்கும் இதே கணக்கு. இந்த வாக்கியத்தில் லஞ்சுக்கும் ஸ்கூலுக்கும் முன்னால் 'தி' இல்லாததையும் பாருங்கள். படிக்கப் போகிற பிள்ளை 'கோஸ் டு ஸ்கூல்'. ஆசிரியரைப் பார்க்கப் போகிற அம்மா 'கோஸ் டு தி ஸ்கூல்'.

இன்னொரு இடமும் இடறும். 'எனக்குப் பால் பிடிக்கும்', 'எனக்குப் பசிக்கிறது', 'என்னிடம் பேனா இருக்கிறது' ஆகிய மூன்றையும் ஆங்கிலத்தில் 'ஐ' என்றுதான் தொடங்க வேண்டும்: ஐ லைக் மில்க், ஐ ஆம் ஹங்ரி, ஐ ஹேவ் எ பென். ஆனால் 'மேசைமேல் முட்டை இருக்கிறது' என்பதற்கு 'ஹேவ்' வராது: 'தேர் இஸ் ஆன் எக் ஆன் தி டேபிள்'. 'இருக்கிறது' என்று கண்டதும், வைத்திருப்பவர் யாராவது உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உண்டென்றால் 'ஹேவ்', இல்லையென்றால் 'தேர் இஸ்'.

கடைசியாக, எழுதிய 20 சொல்லுக்கும் ஒரு வாக்கியம், ஒரு கேள்வி, ஒரு மறுப்பு என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். தடுக்கியவற்றில் மட்டும் புள்ளி வையுங்கள். மறுநாள் புள்ளி வைத்தவை, ஒரு வாரம் கழித்து மறுபடியும் வெறுந்தாளில் எல்லாமே.