சரக்கோடு மலை இறங்கும்போது எக்ஸாஸ்ட் பிரேக்: கடற்கரை டிரைவர்கள் செய்யும் தவறுகள்

ராமநாதபுரம் மாவட்டத்துக்குள்ளேயே வண்டி ஓட்டுகிறவருக்கு இறக்கம் என்று சொல்லிக்கொள்ள பாம்பன் சாலைப் பாலத்தின் நடு மேடு ஒன்றுதான் உண்டு. தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கிழக்குக் கடற்கரைச் சாலை தட்டையாகவே கிடக்கிறது. லாரியிலோ ஆறு சக்கர மீன் வண்டியிலோ எக்ஸாஸ்ட் பிரேக் சுவிட்ச் இருந்தாலும் மாதக்கணக்கில் அதைத் தொட வேலை வராது. அதே வண்டி ஐஸ் போட்ட மீனோடு தேனி தாண்டி மலை ஏறிவிட்டால், அப்புறம் கேரளப் பக்கம் இறங்கியாக வேண்டும். குமுளி தாண்டிக் குட்டிக்கானத்திலிருந்து முண்டக்கயம், மூணாறு தாண்டி நேரியமங்கலம், தெற்கே ஆரியங்காவு எல்லாமே முழுச் சரக்கோடு இறங்குகிற வழிகள். சமவெளியில் படிந்த பழக்கங்கள் அங்கேதான் காலை வாருகின்றன.

முதலில் இது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். பெட்ரோல் இன்ஜினில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் காற்று வரும் வழி மூடிக்கொள்ளும். இன்ஜின் திணறி வண்டியைப் பிடித்து இழுக்கும். டீசலில் அந்த மூடி அப்படி வேலை செய்வதில்லை. டீசல் நின்றாலும் காற்று தாராளமாக உள்ளே வரும், வெளியே போகும். அதனால் காலை எடுத்தாலும் பிடிப்பு குறைவு. எக்ஸாஸ்ட் பிரேக் போட்டால் புகைக்குழாயில் இருக்கும் பட்டர்ஃபிளை வால்வு மூடும். உள்ளே போன காற்று வெளியேற வழியில்லாமல் அடைபட, பிஸ்டன் அதை எதிர்த்துத் தள்ள வேண்டியிருக்கும். அந்தத் தள்ளும் வேலையைச் சக்கரம் செய்வதால் வண்டியின் வேகம் கட்டுப்படும். அமெரிக்காவில் டிரெய்லர் இழுக்கும் பெரிய டீசல் பிக்அப்களில் தனி வால்வுக்குப் பதிலாக, இன்ஜினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டும் டர்போவின் இறகுகளையே நெருக்கி இதே வேலையை வாங்குகிறார்கள். நம்ம ஊர்ச் சின்னப் பிக்அப்களில் பெரும்பாலும் இந்த வசதி கிடையாது. அவற்றுக்குக் கியர்தான் பிரேக். கீழே கியரைப் பற்றிச் சொல்வது அவற்றை ஓட்டுகிறவர்களுக்கு இரட்டிப்பாகப் பொருந்தும்.

இவ்வளவு எதற்கு, கால் பிரேக் போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. வண்டி, சரக்கு, டிரெய்லர் எல்லாம் சேர்ந்து 4 டன் என்று வைத்துக்கொள்வோம். அது 1000 மீட்டர் உயரம் இறங்கினால் வெளியேற வேண்டிய சக்தி கிட்டத்தட்ட 11 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். 1000 வாட் இஸ்திரிப் பெட்டியை 11 மணி நேரம் விடாமல் எரித்தால் வரும் சூடு அது. கால் பிரேக்கை மட்டும் நம்பினால் அத்தனையும் நாலு சக்கரத்தின் பிரேக் டிரம்மில்தான், அதுவும் ஒரு மணி நேரத்துக்குள், இறங்கும். டிரம்மை உரசிப் பிடிக்கும் லைனர் சூடேறிப் பிடிப்பை விடும். டிரம் சூட்டில் விரிந்து லைனரை விட்டு விலகும். பிரேக் மிதியடி தரை வரை போனாலும் வண்டி நிற்காது.

மேலே போட வேண்டிய கியரை நடுவழியில் தேடுவது

எல்லாத் தவறுக்கும் தாய் இதுதான். இறக்கம் தொடங்கும்போது வண்டி மெதுவாகத்தானே போகிறது என்று மூன்றிலோ நாலிலோ விட்டுவிடுவது. இரண்டு வளைவு தாண்டியதும் வேகம் கூடும். அப்போது கியரைக் குறைக்கப் பார்த்தால், பழைய கியரிலிருந்து கழன்று வந்துவிடும், புதியதில் விழாது. சரக்கோடு நியூட்ரலில் மலையில் நிற்பதை விட மோசமான இடம் டிரைவருக்குக் கிடையாது. கிளட்ச்சை மிதித்த அந்த நொடியிலேயே எக்ஸாஸ்ட் பிரேக்கும் போய்விடுகிறது. இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்தால் அடைத்த வால்வினால் எந்தப் பயனும் இல்லை.

‘ஏறின கியரிலேயே இறங்கு’ என்று பழைய டிரைவர்கள் சொல்வார்கள். அந்தக் காலத்து இன்ஜினுக்கு அது சரி. இப்போதைய டர்போ டீசல் மூன்றாம் கியரிலேயே இழுத்து ஏறிவிடும். அதே மூன்றில் இறங்கினால் பிடிப்பு போதாது. ஏறியதை விட ஒரு கியர் குறைவு என்று வைத்துக்கொள்வதே இன்றைக்குப் பாதுகாப்பு. மலை உச்சியில், சாலை சாயத் தொடங்கும் முன்பே கியரைப் போட்டு, சுவிட்சையும் தட்டிவிட வேண்டும்.

இன்ஜின் சுற்று குறைவாக இருந்தால் எக்ஸாஸ்ட் பிரேக்குக்குப் பலம் இருக்காது என்பதையும் பலர் கவனிப்பதில்லை. உயர்ந்த கியரில் இன்ஜின் மெல்லச் சுழலும்போது சுவிட்சைப் போட்டுவிட்டு, இது பிடிக்கவே இல்லை என்று குறை சொல்வார்கள். சத்தம் கூடினால் பயப்பட வேண்டாம்; மீட்டரில் சிவப்புக் கோட்டைத் தொடாத வரை அது இன்ஜின் தன் வேலையைச் செய்கிற சத்தம்தான். சிவப்பைத் தாண்டப் பார்த்தால் மட்டும் கால் பிரேக்கால் வேகத்தைக் குறைக்க வேண்டும். சக்கரம் இன்ஜினைத் தள்ளும்போது டீசலை நிறுத்திப் பயனில்லை, ஏற்கெனவே டீசல் போகவில்லை.

நியூட்ரலில் தட்டிவிட்டால் டீசல் மிச்சம் என்ற நம்பிக்கையும் இங்கேதான் அடிபடுகிறது. கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரை விட்டால் பம்ப் டீசலை நிறுத்திவிடும். நியூட்ரலில் விட்டால்தான் இன்ஜின் அணையாமல் ஓட டீசல் தேவை. சாவியை அணைத்து இறங்குகிறவர்களைப் பற்றி என்ன சொல்ல? ஸ்டீயரிங் கனத்துவிடும், பிரேக் மிதிப்பை இலகுவாக்கும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவம் (வெற்றிடம்) சில மிதிக்குள் தீர்ந்துவிடும்.

இது நிறுத்துகிற பிரேக் இல்லை

எக்ஸாஸ்ட் பிரேக் வேகத்தைப் பிடித்து வைக்கும். வண்டியை நிறுத்தாது, நின்ற வண்டியைப் பிடிக்கவும் செய்யாது. அதைப் போட்டபடியே கால் பிரேக்கையும் பயன்படுத்த வேண்டும், ஆனால் முறையாக. இறக்கம் முழுக்க மிதியடியில் காலை லேசாக வைத்துக்கொண்டே வருவது தவறு. 30-ல் இறங்க வேண்டிய இடத்தில் வேகம் 30-ஐத் தொடும்போது நன்றாக அழுத்தி அதற்கு நன்றாகக் கீழே கொண்டுவந்து, காலை முழுசாக எடுத்துவிடுங்கள். அடுத்த அழுத்தம் வரை டிரம்முக்குக் காற்று படும்.

எக்ஸாஸ்ட் பிரேக் போட்டால் பல வண்டிகளில் பின்னால் சிவப்பு விளக்கு எரியாது. மலையில் மட்டுமல்ல, பாம்பன் பாலத்திலும் இது முக்கியம். 2025-ல் புது ரயில் பாலம் திறந்ததிலிருந்து அதைப் பார்க்க வண்டியை ஓரம் கட்டுகிறவர்கள் அதிகம். முன்னால் ஒருவர் திடீரென்று நிற்க, நீங்கள் எக்ஸாஸ்ட் பிரேக்கை நம்பி வேகம் குறைத்தால் பின்னால் வருகிறவருக்கு ஒன்றும் தெரியாது. மிதியடியை லேசாகத் தொட்டு விளக்கைக் காட்டிவிடுங்கள்.

தடைக்காலம் முடிந்த முதல் லோடு

கடற்கரைக்காரர்களுக்கென்றே உள்ள ஆபத்து இது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு தடைக்காலம். மீன் வண்டிகளில் பல அந்த நாட்களில் உப்புக் காற்றில் சும்மா நிற்கும். ஜூன் நடுவில் படகு கரை வந்ததும் ஓட்டம் தொடங்கும். அதே நேரத்தில் கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை இழுவலைத் தடை. அதனால் நம் பக்கத்து மீனுக்கு அங்கே கிராக்கி. தென்மேற்குப் பருவமழையும் அப்போதுதான் மலையில் கொட்டும். இரண்டு மாதம் நின்ற பிரேக், முழு லோடு, நனைந்த இறக்கம் மூன்றும் ஒரே வாரத்தில் சேருகின்றன.

நிற்கும் வண்டியில் பட்டர்ஃபிளை வால்வு கரியும் துருவும் ஏறி இறுகிவிடும். மீன் பெட்டியிலிருந்து ஒழுகும் உப்புத் தண்ணீர் ஆண்டு முழுக்கச் சேஸிஸ் மேல் வழிவதால் பிரேக் பைப்புகளும் துருவேறி அரித்துப்போகும். லோடு ஏற்றும் முன் ஒருவரை வண்டிக்கு அடியில் பார்க்கச் சொல்லுங்கள். இன்ஜின் ஓடும்போது சுவிட்சைப் போட்டால் காற்றுச் சிலிண்டரின் தண்டு நீண்டு வால்வின் கையை ஒரே வீச்சில் தள்ள வேண்டும், எடுத்ததும் அதே வேகத்தில் திரும்ப வேண்டும். பாதியில் தயங்கினாலோ, சத்தம் மாறாவிட்டாலோ பட்டறைக்கு. சில வண்டிகளில் குறைந்த சுற்றில் இது வேலை செய்யாது, கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்து விட்டுப் பார்க்க வேண்டும். துருவை இளக்கும் ஸ்பிரே அடிக்கலாம். கிரீஸ் பூசுவது வேண்டாம், புகைக்குழாய்ச் சூட்டில் அது கருகி இன்னும் இறுக்கும். வால்வு பாதி மூடிய நிலையில் மாட்டிக்கொண்டால் வேறு தொல்லை: வண்டி இழுக்காது, கரும்புகை விடும். பம்ப் போச்சு என்று அலைவதற்கு முன் இதைப் பாருங்கள். வேலை இல்லாத நாட்களிலும் தினம் ஒருமுறை சுவிட்சைப் போட்டு எடுப்பது வால்வை உயிரோடு வைக்கும்.

பிரேக் ஆயிலையும் மறக்கக் கூடாது. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், கடற்கரையில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. டாட் 3 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின் அந்த எல்லை 140 ஆகிவிடுகிறது. கொதித்தால் குழாயில் ஆவி சேர்ந்து, மிதியடி பஞ்சு போல உள்ளே போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதற்காகத்தான். ஏர் பிரேக் வண்டிக்கு இந்தக் கவலை இல்லை.

நனைந்த இறக்கத்தில் எக்ஸாஸ்ட் பிரேக் பின் சக்கரங்களை மட்டுமே பிடிக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். வழுக்கும் வளைவில் பின்பக்கம் விலகினால், உடனே சுவிட்சை எடுத்துவிட்டு ஸ்டீயரிங்கால் வண்டியை நேராக்க வேண்டும். மழையில் அதை விட்டுவிட்டு, இன்னும் ஒரு கியர் குறைத்து, இன்னும் மெதுவாக இறங்குவதே நல்லது. தனுஷ்கோடியிலிருந்து அரிச்சல்முனைக்குப் போகும் சாலையில் காற்று மணலைத் தார் மேல் வாரிப் போடும். அங்கேயும் இதே கதைதான்.

பின்னால் டிரெய்லர் இருந்தால்

ஃபைபர் படகை டிரெய்லரில் கட்டிக்கொண்டு போகிறவர்கள் ஒன்றை யோசிப்பதில்லை: எக்ஸாஸ்ட் பிரேக் இழுக்கும் வண்டியை மட்டுமே பிடிக்கும், டிரெய்லர் தன் வேகத்தில் பின்னாலிருந்து தள்ளும். வளைவில், நனைந்த சாலையில் அந்தத் தள்ளல் வண்டியின் பின்பக்கத்தை ஒதுக்கி, இரண்டையும் மடக்கிவிடும். மின்சார பிரேக் உள்ள டிரெய்லர்களில் பலவற்றில், கால் பிரேக்கை மிதித்தால்தான் பின்னால் பிரேக் பிடிக்கும். அதனால் அவ்வப்போது மிதிக்க வேண்டும். தள்ளினால் தானே பிடிக்கும் வகை டிரெய்லர்களில் தலைகீழ்ப் பிரச்சினை: முன் வண்டி எக்ஸாஸ்ட் பிரேக்கில் இழுத்துப் பிடிக்கப் பிடிக்க, டிரெய்லர் பிரேக் இறக்கம் முழுக்க விடாமல் ஒட்டியிருந்து, அதன் டிரம் காய்ந்துவிடும். நடுவில் அகலமான இடம் பார்த்து நிறுத்தி ஆற விட வேண்டும். பிரேக்கே இல்லாத டிரெய்லரில் படகை வைத்துக்கொண்டு மலைக்குப் போகாதீர்கள்.

ஆட்டோமேட்டிக் கியர் வண்டியில் இழுவைக்கான பொத்தான் இருந்தால் அதையும் சேர்த்துப் போடுங்கள்.

இன்னொன்று, சின்னப் பிக்அப்புக்கு வெளியில் வால்வு வாங்கிப் பொருத்தும் யோசனை. அடைபட்ட புகையின் அழுத்தம் கூடினால் எக்ஸாஸ்ட் வால்வை ஸ்பிரிங்கையும் மீறித் திறந்துவிடும். எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று அந்தந்த இன்ஜினுக்கு ஒரு எல்லை உண்டு. பி.எஸ்.6 புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டியில் புகை வடிகட்டியும் சென்சார்களும் சேர்ந்திருப்பதால் வம்பு இன்னும் அதிகம். கியரை நம்புங்கள், லோடைக் குறையுங்கள்.

இறங்கி முடித்து டீக்கடையில் நிறுத்தும்போது, சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள். மீன் வண்டியில் ஐஸ் தண்ணீர் கையெட்டும் தூரத்திலேயே இருப்பதால் அந்த ஆசை எளிதில் வரும். வார்ப்பு இரும்பு திடீர்க் குளிரில் விரிசல் விடும், விரிசல் உள்ளே இருப்பது அடுத்த இறக்கம் வரை தெரியாது. கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, தானாக ஆற விடுங்கள்.