அரசு வேலைக்கு விண்ணப்பித்த இடத்தில் அதிகாரி அத்துமீறினால்: பலர் செய்யும் தவறுகள்

நேர்காணல் முடிந்த மறுநாள் அதிகாரியிடமிருந்து ஒரு வாட்ஸ்அப்: ‘லிஸ்ட் என் கையிலதான் இருக்கு. சாயங்காலம் தனியா வந்து பாருங்க.’ அந்தப் பெண்ணும் சரி, வீட்டாரும் சரி, முதலில் நினைப்பது இதுதான்: ‘இன்னும் வேலையிலயே சேரல, நாம யார்கிட்டப் போய்ப் புகார் கொடுக்கிறது?’

தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதிக்கப்பட்ட பெண் அங்கே வேலையில் இருக்க வேண்டும் என்று கேட்பதில்லை. வேலையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் புகார் கொடுக்கலாம் என்று வரையறையிலேயே சொல்லிவிடுகிறது. ஆகவே அந்த அலுவலகத்தின் உள்ளகப் புகார் குழு உங்கள் மனுவை வாங்கியாக வேண்டும். புகாரே அலுவலகத் தலைவர் மேல்தான் என்றால், மாவட்ட அளவில் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் போகலாம்.

அடுத்தது, ‘ரிசல்ட் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்’ என்று காத்திருப்பது. குழுவிடம் புகார் கொடுக்க சம்பவம் நடந்ததிலிருந்து 3 மாதம்தான் அவகாசம். பலமுறை நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து எண்ண வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம். தேர்வுப் பட்டியல் வர ஆறு மாதத்துக்கு மேல் ஆகும் ஊரில் இந்தக் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. காவல் நிலையப் புகாருக்கு இந்த 3 மாதக் கெடு கிடையாது என்பது ஒரு ஆறுதல்.

‘அரசு அதிகாரி மேல் வழக்குப் போட மேலிடத்து அனுமதி வேணுமாமே’ என்று யாராவது சொன்னால் நம்பிப் பின்வாங்காதீர்கள். பாலியல் துன்புறுத்தலைக் குற்றமாக்கும் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 75ஆம் பிரிவு உட்பட, பெண்களுக்கு எதிரான முக்கியமான பாலியல் குற்றங்களுக்கு அந்த முன் அனுமதி தேவையில்லை என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 218ஆம் பிரிவே விளக்கிவிட்டது. உங்கள் வாக்குமூலத்தைப் பெண் அதிகாரிதான் பதிய வேண்டும். சம்பவம் எந்த எல்லையில் நடந்தது என்று காட்டித் திருப்பி அனுப்பவும் கூடாது.

லஞ்சம் என்றால் பணம் மட்டும்தான் என்று நினைப்பதுதான் நம்மில் அதிகம் பேர் செய்யும் தவறு. ஊழல் தடுப்புச் சட்டம் ‘பணத்தால் மதிப்பிடக்கூடியது’ என்ற வரம்பை வைக்கவில்லை. வேலைக்குக் கைம்மாறாக உடலைக் கேட்பதும் அதற்குள் வரும். கேட்டதே போதும், இணங்கியிருக்க வேண்டியதில்லை. தண்டனை 3 முதல் 7 ஆண்டு. புகார் கொடுத்த பெண்ணிடம் பாலியல் ஆதாயம் கேட்டதாக ஜெய்ப்பூரில் ஒரு காவல்துறை அதிகாரியை லஞ்ச ஒழிப்புத் துறை பொறிவைத்துப் பிடித்தது 2021 மார்ச்சில். இந்தச் சட்டம் ஆண், பெண் பார்ப்பதில்லை என்பதால், பெண்களுக்கு மட்டுமேயான 2013 சட்டத்தின் வழி அடைபட்ட ஆண் விண்ணப்பதாரருக்கும் இது ஒரு கதவு. ஆனால் கவனம்: மிரட்டலுக்குப் பணிந்து இணங்க நேர்ந்துவிட்டால், 7 நாளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். தாமதித்தால், லஞ்சம் கொடுத்தவர் என்று உங்களையே கூண்டில் ஏற்றப் பார்ப்பார்கள். அநியாயமான விதிதான், ஆனாலும் இப்போதைக்கு அதுதான் சட்டம்.

கோபத்தில் சாட்டை அழிப்பதும், நம்பரை பிளாக் செய்துவிட்டு போனை மாற்றுவதும் வேண்டாம். ஸ்க்ரீன்ஷாட் எடுத்தால் மட்டும் போதாது, மூலச் செய்தி அதே போனில் இருக்கட்டும். நேர்காணல் அழைப்புக் கடிதம், ஹால் டிக்கெட், போனில் வந்த அழைப்புகளின் பட்டியல் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.

‘என்னிடம் தவறாக நடந்துகொண்டார்’ என்ற ஒற்றை வரிப் புகார் நிற்காது. என்றைக்கு, எத்தனை மணிக்கு, எந்த அறையில், என்ன வார்த்தை சொன்னார், அப்போது வெளியே யார் உட்கார்ந்திருந்தார் என்று எழுதுங்கள். கூச்சப்பட்டு அவர் சொன்ன சொல்லை மாற்றி எழுதாதீர்கள். குழுவுக்கு 6 நகல், ஆவணங்களோடு. ஒன்றைக் கூடுதலாக எடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

புகார் போனதும் யாராவது சமாதானம் பேச வருவார்கள். குழு முன் சமரசம் வேண்டும் என்று நீங்கள் கேட்டால்தான் உண்டு, அதிலும் பணம் வாங்கி முடிக்கக் கூடாது. நிரூபிக்க முடியாவிட்டால் பொய்ப் புகார் என்று உள்ளே தள்ளிவிடுவார்கள் என்றும் அவர்கள் பயமுறுத்தலாம். நிரூபிக்க முடியாமல் போவது மட்டுமே பொய்ப் புகார் ஆகாது என்று 2013 சட்டத்தின் 14ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது.