ஒரே பாட்டில், நான்கு பதம்: ஜப்பானியச் சாகேயை ருசிக்கப் பழகுவது எப்படி

அரிசியைப் புளிக்கவைத்துச் செய்யும் மதுவான சாகேயைப் பழக நினைப்பவர்கள் எடுத்த எடுப்பிலேயே செய்யும் தவறு ஒன்று உண்டு. கடையில் இருப்பதிலேயே விலை கூடிய டாய்கின்ஜோவை, அதாவது அரிசியைப் பாதிக்குமேல் தீட்டிச் செய்யும் வகையை வாங்கி, பல் கூசும் அளவுக்குக் குளிரவைத்து, சின்னக் கிண்ணத்தில் ஒரே மடக்காக விழுங்குவார்கள். 5 டிகிரியில் மணம் அடங்கிப்போயிருக்கும், அரிசியின் சுவையும் எட்டிப்பார்க்காது. சாகேக்குப் பல முகங்கள் உண்டு. சூட்டின் அளவை மாற்ற மாற்ற அவை ஒவ்வொன்றாகத் தெரியவரும். அதனால் பழகுவதற்குப் பத்து பாட்டில் தேவையில்லை. நல்ல ஜுன்மாய் வகைச் சாகே 720 மில்லி பாட்டில் ஒன்று, ஒரு வெப்பமானி, சாகேயைச் சூடாக்கி ஊற்றும் தொக்குரிக் குடுவை ஒன்று, சில கிண்ணங்கள் இருந்தால் போதும்.

லேபிளில் எதைப் பார்ப்பது

முதலில் மூலப்பொருள் பட்டியல். அரிசி, அரிசிக் கோஜி (பூஞ்சை வளர்த்த அரிசி) என்ற இரண்டு மட்டும் இருந்தால் அது ஜுன்மாய். மூன்றாவதாக 'ஜோசோ ஆல்கஹால்' என்று இருந்தால், வடித்த ஆல்கஹால் கொஞ்சம் சேர்த்திருக்கிறார்கள். அதைக் கலப்படம் என்று ஒதுக்கவேண்டாம். ஹொன்ஜோசோ, கின்ஜோ வகைகளில் அதன் அளவு அரிசி எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். பிழிவதற்குச் சற்று முன் சேர்ப்பார்கள். இல்லாவிட்டால் சக்கையோடு போய்விடும் மணப்பொருள்களை அது கரைத்து சாகேக்குள் கொண்டுவரும்.

அடுத்தது 'செய்மாய்புஆய்' என்ற சதவீதம். அரிசியைத் தீட்டிய பிறகு மிஞ்சியது எவ்வளவு என்பதைத்தான் அது சொல்கிறது, தீட்டி எடுத்தது எவ்வளவு என்பதை அல்ல. பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். 60 என்றால் 40 சதவீதம் தூளாகப் போயிருக்கிறது. ஹொன்ஜோசோவுக்கு 70, கின்ஜோவுக்கு 60, டாய்கின்ஜோவுக்கு 50 அல்லது அதற்கும் கீழே இருக்கவேண்டும். ஜுன்மாய்க்கு 2004 முதல் வரம்பு எதுவும் இல்லை. அரிசியின் வெளிப்புறத்தில் புரதமும் கொழுப்பும் அதிகம். அவை சுவைக்குக் கனம் தரும், பழ மணத்தை அமுக்கும். நடுவில் இருக்கும் வெண்மையான 'ஷின்பாகு' பகுதி மாவுச்சத்து நிறைந்தது. எண் குறையக் குறைய விலை ஏறும். ஆனால் எண் குறைந்ததால் மட்டுமே சாகே உயர்ந்ததாகிவிடாது. 80 சதவீத அரிசியில் பக்குவமாகச் செய்த சாகே, சூடாக்கும்போது பல டாய்கின்ஜோக்களைவிட நன்றாக நிற்கும்.

பின் லேபிளில் 'நிஹோன்ஷுதோ', அமிலத்தன்மை என்று இரண்டு எண்கள் இருக்கலாம். முதலாவது அடர்த்தியின் அளவு. கூட்டல் பக்கம் போகப்போக இனிப்பு குறையும், கழித்தல் பக்கம் போகப்போகக் கூடும். இதைத் தனியாகப் படித்தால் ஏமாறுவீர்கள். அமிலம் 1.2 இருக்கும்போது +3 மென்மையாக, லேசான இனிப்போடு தெரியும். அமிலம் 2.0 இருந்தால் அதே +3 நறுக்கென்று வறண்டு முடியும். இரண்டையும் சேர்த்தே பாருங்கள்.

'கிமோத்தோ' அல்லது 'யாமஹாய்' என்று எழுதியிருந்தால் அந்தப் பாட்டிலை முதல் பாடத்துக்குத் தயங்காமல் எடுக்கலாம். ஈஸ்ட்டைப் பெருக்கும் தாய்க்கலவைக்கு லாக்டிக் அமிலம் வேண்டும். கிமோத்தோவில் அரிசியையும் கோஜியையும் குளிரில் கழிகளால் மசித்து, அமிலம் தரும் நுண்ணுயிர்கள் தாமாக வளரும்வரை காத்திருக்கிறார்கள். சுமார் நான்கு வாரம் பிடிக்கும். மசிக்கும் வேலை இல்லாமலே இது நடக்கும் என்று 1909-இல் கண்டறிந்தார்கள், அதுதான் யாமஹாய். அமிலத்தை நேரடியாகச் சேர்க்கும் 'சொகுஜோ' முறை 1910-இல் வந்தது. அதில் இரண்டு வாரம் போதும், இன்று பெரும்பான்மைச் சாகே அப்படித்தான் தயாராகிறது. பழைய இரண்டு முறைகளும் தரும் புளிப்பும் ஆழமும் சூட்டில் விரிந்துகொடுக்கும்.

'நாமா' என்றால் சூடுபடுத்திக் கிருமி நீக்காதது, 'கென்ஷு' என்றால் தண்ணீர் சேர்க்காதது. சாதாரணச் சாகே 15–16 சதவீத ஆல்கஹால். கென்ஷு பெரும்பாலும் 17-க்கு மேல், 20 வரைகூடப் போகும். காய்ச்சி வடிக்காமலே இவ்வளவு ஏறுவதற்குக் காரணம், கோஜிப் பூஞ்சை மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குவதும் ஈஸ்ட் அதை ஆல்கஹாலாக்குவதும் ஒரே தொட்டியில் ஒரே நேரத்தில் நடப்பதுதான். சர்க்கரை சிறிது சிறிதாக வருவதால் ஈஸ்ட் திணறாது. கோஜியை வைத்து மது செய்யும் இந்த ஜப்பானியக் கைப்பக்குவம் 2024 டிசம்பரில் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் இடம்பெற்றது.

நான்கு பதங்கள்

10, 20, 40, 50 டிகிரி என்று நான்கு நிறுத்தங்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானியர்கள் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். 10 'ஹனாபியே', பூக்குளிர். 20 அறைச் சூடு. 40 'நுருகான்', வெதுவெதுப்பு. 50 'அத்சுகான்', நல்ல சூடு. இடையில் 30-க்கு 'ஹினாதாகான்' என்று பெயர், வெயில்பட்ட இடத்தின் சூடு. 35 'ஹிதோஹதாகான்', அதாவது மனித உடம்பின் சூடு.

குளிர்ந்ததிலிருந்து தொடங்குங்கள். சாகேயைச் சோதிப்பவர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தின் அடியில் இரண்டு நீல வளையங்கள் இருக்கும். வெள்ளையில் நிறம் தெரியும், நீல வளையத்தின் விளிம்பில் கலங்கல் தெரியும். லேசான மஞ்சள் இயல்பானது. கண்ணாடிபோல நிறமே இல்லாவிட்டால் பெரும்பாலும் கரியால் வடிகட்டியிருக்கிறார்கள். முதலில் மூக்கால் பாருங்கள். ஆப்பிள், வாழைப்பழம், முலாம்பழம் போன்ற மணங்கள் ஈஸ்ட் தருபவை. ஆவியில் வெந்த சோறு, வேகவைத்த கஷ்கொட்டை போன்றவை அரிசியும் கோஜியும் தருபவை. பிறகு ஒரு தேக்கரண்டி அளவு வாயில் எடுத்து நாக்கு முழுக்கப் பரவவிட்டு, மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். விழுங்கியபின் சுவை எவ்வளவு சுத்தமாக விலகுகிறது என்பதைக் கவனியுங்கள். அந்த விலகலுக்கு 'கிரே' என்று பெயர். நல்ல சாகேயில் நம்மை அடுத்த வாய் உணவுக்கு அழைப்பது அதுதான்.

சூடாக்குவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 180 மில்லி தொக்குரியில் கழுத்துக்குக் கொஞ்சம் கீழே வரை ஊற்றுங்கள், சூடேறினால் சாகே விரிந்து மேலே வரும். குடுவையின் தோள்வரை மூழ்கும் அளவு தண்ணீரைப் பாத்திரத்தில் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்த பிறகே குடுவையை இறக்குங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் 40-ஐ ஒட்டி வந்துவிடும், குடுவையின் கனத்தைப் பொறுத்து மாறும். வெப்பமானி இல்லாவிட்டால் குடுவையைத் தூக்கி அடியை விரலால் தொடுங்கள். இதமாக இருந்தால் வெதுவெதுப்பு. சுருக்கென்று விரலை எடுக்கத் தோன்றினால் 50-ஐத் தொட்டுவிட்டது. அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போதே வைத்தால் அடிப்பக்கம் கொதித்து ஆல்கஹால் நெடி மூக்கில் ஏறும். மைக்ரோவேவில் குடுவையின் கழுத்து கொதிக்கும், அடி பச்சைத்தண்ணீராக இருக்கும். வேறு வழியே இல்லையென்றால் பாதியில் எடுத்து, இன்னொரு குடுவைக்கு மாற்றி ஊற்றிக் கலந்துகொள்ளுங்கள். கிண்ணத்தையும் வெந்நீரில் அலசிவையுங்கள். குளிர்ந்த பீங்கானில் ஊற்றினால் பார்த்துப் பார்த்துக் கொண்டுவந்த பதம் அங்கேயே போய்விடும்.

40-இல் அதே சாகே இனிப்பாக, உருண்டையாக மாறியிருக்கும். லாக்டிக், சக்சினிக் அமிலங்கள் சூட்டில் மென்மையாவதே காரணம். ஆப்பிளில் இருக்கும் மாலிக் அமிலத்துக்கு நேர்மாறு, அது குளிரில்தான் அழகு. 50-இல் இனிப்பு பின்வாங்கி முடிவு கூர்மையாகும், கொழுப்பான உணவுக்கு அந்தக் கூர்மை வேண்டும். பழ மணம் தூக்கலான டாய்கின்ஜோவை 40-க்கு மேல் கொண்டுபோகாதீர்கள். மணம் பறந்தபின் வெறும் கசப்பு மிஞ்சும்.

பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். 'யவராகி மிசு' என்பது அதற்கென்றே இருக்கும் பெயர். குடிக்கும் சாகேயின் அளவுக்குக் குறையாமல் தண்ணீரும் உள்ளே போகவேண்டும். ஜப்பானில் சட்டப்படி குடிக்கும் வயது 20.

பந்தியில்

தன் கிண்ணத்தைத் தானே நிரப்பாமல் அடுத்தவருக்கு ஊற்றுவது மரபு. ஊற்றுபவர் குடுவையை இரு கையாலும் பிடிப்பார். வாங்குபவர் கிண்ணத்தை மேசையிலிருந்து தூக்கி, மறுகையை அடியில் கொடுத்துப் பிடிக்கவேண்டும். ஊற்றியதும் ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வையுங்கள். மீதி இருக்கிறதா என்று குடுவைக்குள் எட்டிப்பார்ப்பதும் ஆட்டிப்பார்ப்பதும் மரியாதைக் குறைவு. 'மசு' மரப்பெட்டிக்குள் கண்ணாடிக் குவளையை வைத்து வழியவழிய ஊற்றினால் அது கடைக்காரரின் தாராளம். கிளாஸில் இருப்பதைக் கொஞ்சம் குறைத்தபின் பெட்டியில் வழிந்ததையும் குடிக்கலாம்.

சாகே ஆலைக்குள் போவதாக இருந்தால் அன்று காலை நத்தோ சாப்பிடாதீர்கள். அந்தப் புளித்த சோயாவில் உள்ள பாக்டீரியா கோஜி அறைக்குள் புகுந்தால் மொத்த உழைப்பும் பாழ். வாசனைத் திரவியமும் வேண்டாம். கூரை விளிம்பில் தொங்கும் தேவதாரு இலைப் பந்து பச்சையாக இருந்தால் புதுச் சாகே பிழிந்தாயிற்று என்று அர்த்தம். பழுப்பாக ஆக ஆக உள்ளே சாகே முதிர்ந்துகொண்டிருக்கும்.

வைத்திருப்பது

பாட்டிலை நிமிர்த்தியே வையுங்கள். நாமாவை 5 டிகிரிக்குள், கின்ஜோவை 10-க்குள். வெளிச்சம்தான் பெரிய எதிரி. வெயிலில் சில மணி நேரம் இருந்தாலே நிறமும் மணமும் கெடும், செய்தித்தாளைச் சுற்றி வைப்பது நல்லது. திறந்த நாமாவை ஒரு வாரத்தில் முடித்துவிடுங்கள். சூடுபடுத்திக் கிருமி நீக்கிய ஜுன்மாய் ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று வாரம் தாங்கும், திறந்த இரண்டாம் நாளில் இன்னும் நன்றாக இருப்பதும் உண்டு. முள்ளங்கி ஊறுகாய்போல வாடை வந்தால் சூட்டிலும் காலத்திலும் முதிர்ந்து கெட்டது. அது 'ஹினேகா'. அப்படியான மீதியைக் கொட்டவேண்டாம். உப்புநீரில் மணல் போக வைத்த 300 கிராம் அசாரி மட்டியில் 100 மில்லி ஊற்றி, மூடிபோட்டு, ஓடுகள் வாய் திறக்கும்வரை அடுப்பில் வையுங்கள். வாடை ஆவியோடு போய்விடும், சாறு மட்டும் நிற்கும்.